நடுவில் போகும் பந்து யாருடையது?

கேள்வி கேட்டவர் அஸ்தம்பட்டிக்காரர். மகன் பதினோராம் வகுப்பு, மூன்று வருடமாக டென்னிஸ் பயிற்சிக்குப் போகிறான். அடுத்த போட்டியில் ஒற்றையரை விட்டுவிட்டு இரட்டையருக்குப் பெயர் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் கோச். பையனுக்கு முகம் சுண்டிப் போய்விட்டது. "ஒற்றையரில் தேறாதவன்தானே அதை ஆடுவான்" என்கிறானாம். இந்த நேரம் பார்த்து அப்பாவும் மகனும் டிவியில் ஒரு ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பு) போட்டியின் இரட்டையர் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார்கள். 6-4, 3-6, 10-8 என்று முடிந்ததாம். மூன்றாவது செட்டில் அது என்ன பத்து? 40-40 வந்ததும் அட்வான்டேஜ் எதுவும் இல்லாமல் ஒரே பாயின்டில் கேம் முடிந்துவிட்டதே, ஏன்? ஒவ்வொரு சர்வுக்கும் முன்னால் பந்தை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு என்ன குசுகுசுப்பு? பையன் சொல்வது சரிதானா?

தம்பி, கடைசிக் கேள்வியைக் கடைசியிலேயே வைத்துக்கொள்வோம். பையன் சொல்வது பாதி சரி. எந்தப் பாதி என்று சொல்வதற்கு மற்ற விஷயங்களை முதலில் பார்த்தாக வேண்டும்.

என்னைப் பற்றி நாலு வரி. சேலத்தில் ஒரு மண் கோர்ட்டில் இருபத்தெட்டு வருடமாக ஆடுகிறேன். ஆடுவது இரட்டையர் மட்டும்தான். கொள்கை கிள்கை எதுவும் இல்லை. கோர்ட் இரண்டு, காலையில் வருகிறவர்கள் பதினாறு பேர், பாதிப் பேர் ஒன்பது மணிக்குக் கடை திறக்க வேண்டியவர்கள். கோர்ட்டுக்கு இரண்டு பேர் என்று விட்டால் மற்றவர்கள் கோர்ட்டைப் பார்த்துக்கொள்ளும் மார்க்கரோடு வம்பளந்துவிட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். சென்னை ஓபன் நுங்கம்பாக்கத்தில் நடந்த காலத்தில், அதாவது 1997 முதல் 2017 வரை, அனேகமாக எல்லா வருடமும் ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறி விடியுமுன்னே சென்ட்ரலில் இறங்கிவிடுவேன். அன்றைய ராத்திரியே அதே வண்டியில் திரும்பிவிடுவேன். கூட்டமெல்லாம் ஒற்றையர் பார்க்கப் பெரிய கோர்ட்டுக்குப் போகும். நான் பக்கத்துக் கோர்ட்டில், கம்பி வேலிக்கு இந்தப் பக்கம், ஆட்டக்காரர் மூச்சு வாங்குவது கேட்கிற தூரத்தில் உட்கார்ந்து இரட்டையர் பார்ப்பேன். எனக்குத் தெரிந்ததில் பாதி அங்கே கற்றது.

முதலில் அந்த 10-8. ஏடிபி நடத்தும் போட்டிகளில் இரட்டையருக்குக் கணக்கு வேறு. முதல் இரண்டு செட்டும் வழக்கம்போல ஆறு கேம், 6-6 வந்தால் சமனை முறிக்க ஏழு பாயின்ட் டை-பிரேக். ஆளுக்கொரு செட் ஆகிவிட்டால் மூன்றாவது செட்டே கிடையாது. அதற்குப் பதிலாக நீளமான ஒரு டை-பிரேக். முதலில் பத்து பாயின்ட் எடுக்கிற ஜோடி ஜெயித்தது, ஆனால் இரண்டு பாயின்ட் வித்தியாசம் வேண்டும். 9-9 என்றால் 11-9, அதுவும் இல்லையென்றால் 12-10 என்று போய்க்கொண்டே இருக்கும். அதேபோல எந்தக் கேமிலும் 40-40 வந்துவிட்டால், ஒற்றையர் மாதிரி ஒருவர் இரண்டு பாயின்ட் முன்னே போகும் வரை இழுக்காமல், அடுத்த பாயின்ட்தான் முடிவு. அந்த ஒரு பாயின்டுக்கு சர்வை வலப்பக்கம் வாங்குவதா இடப்பக்கம் வாங்குவதா என்று வாங்குகிற ஜோடி தேர்ந்தெடுக்கலாம். ஆனால் தாங்கள் நிற்கும் பக்கங்களை மாற்றிக்கொள்ள முடியாது. யார் கையில் ரிட்டர்ன், அதாவது சர்வைத் திருப்பி அடிப்பது, பலமோ அவன் பக்கத்தைக் கேட்பார்கள். அந்த நேரத்தில் இருவரில் யார் தலையை ஆட்டிக்கொண்டு முன்னால் வருகிறான் என்று பாருங்கள், அன்றைக்கு யாருக்குக் கை ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கு 2006-லிருந்து வழக்கத்தில் இருக்கிறது. நேரத்தைச் சுருக்கினால் போட்டி அட்டவணை சிக்காது, ஒற்றையர் நட்சத்திரங்களும் பயமில்லாமல் இரட்டையருக்குப் பெயர் கொடுப்பார்கள் என்பது ஏடிபியின் எண்ணம். முதலில் யோசித்தது இதைவிடக் கடுமையாக இருந்தது. இரட்டையரை மட்டுமே நம்பியிருந்த ஆட்டக்காரர்கள் 2005-இல் அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள், அப்புறம் பேசி முடித்துக்கொண்டார்கள். கிராண்ட்ஸ்லாம் என்கிற நாலு பெரிய போட்டிகளில் ஆண்கள் இரட்டையருக்கு மூன்றாவது செட் முழுதாக உண்டு. அதில் 6-6 வந்தால்தான் பத்துப் பாயின்ட் டை-பிரேக். விம்பிள்டனில் 2022 வரை ஐந்து செட் ஆடவிட்டு, 2023-இல்தான் மூன்றாகக் குறைத்தார்கள். என்னைக் கேட்டால், 40-40-இல் ஒரே பாயின்ட் என்பது நல்ல மாற்றம், வயிற்றைப் பிசையும். மூன்றாவது செட்டைப் பிடுங்கியதில்தான் மனசு ஆறவில்லை. ஒன்றரை மணி நேரம் எதிராளியின் சர்வைப் படித்து, அவன் பழக்கத்தைக் கண்டுபிடித்து வைக்கும்போது கடையைச் சாத்திவிடுகிறார்கள்.

சரி, குசுகுசுப்புக்கு வருவோம். இங்கேதான் ஆட்டமே இருக்கிறது.

ஒற்றையர் கோர்ட் 27 அடி அகலம். இரண்டு ஓரத்திலும் நாலரை நாலரை அடி சேர்த்தால் இரட்டையருக்கு 36 அடி. ஆள் இரண்டு மடங்கு ஆகிறான், அகலம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. அதனால் ஒற்றையர் மாதிரி எதிராளியை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடவிட்டுக் களைக்கச் செய்ய முடியாது. ஓட்டை எங்கே என்று தேட வேண்டும். ஓரத்தில் ஓட்டை குறைவு, தலைக்கு மேலே ஒன்று, காலடியில் ஒன்று, எல்லாவற்றையும் விடப் பெரியது இரண்டு பேருக்கும் நடுவில். வலை கம்பத்தடியில் மூன்றரை அடி உயரம், நடுவில் மூன்றே அடி. நடுவே அடித்தால் வலையும் தாழ்வு, ஓரக்கோட்டைத் தாண்டிவிடும் என்ற பயமும் இல்லை. அதோடு எதிரே நிற்கும் இருவருக்கும் அரை நொடி சந்தேகம் வரும், இது என்னுடையதா அவனுடையதா என்று.

என் ஜோடி செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர். சேர்ந்து ஆட ஆரம்பித்த முதல் இரண்டு வருடம் நாங்கள் தோற்ற ஆட்டங்களைக் கணக்கெடுத்தால், எதிராளி ஜெயித்த பாயின்டைவிட எங்கள் இருவருக்கும் நடுவே யாரும் தொடாமல் போன பந்துகள் அதிகமாக இருக்கும். பந்து சுண்ணாம்புக் கோட்டில் புழுதியைக் கிளப்பிவிட்டுப் பின்வேலியில் போய் விழும். இருவரும் ராக்கெட்டைத் தாழ்த்தி அதைத் திரும்பிப் பார்ப்போம். "நீங்க எடுப்பீங்கன்னு விட்டேனுங்க" என்பார். "நீங்கதான் கிட்ட இருந்தீங்க" என்பேன் நான். அவர் ஒன்றும் சொல்லாமல் பின்னங்கால் புழுதியை ராக்கெட் விளிம்பால் தட்டிக்கொள்வார். இரண்டு வருடம் கழித்துத்தான் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். நடுவில் வரும் பந்து யாருக்கு ஃபோர்ஹேண்டோ, அதாவது ராக்கெட் பிடித்த கைப் பக்கமோ, அவருடையது, வலைக்கு யார் அருகில் இருந்தாலும் சரி. தவறவிட்டால் பேச்சு இல்லை. அதன் பிறகு நாங்கள் திறமையில் ஒரு இம்மியும் கூடவில்லை, ஆனால் ஜெயிக்க ஆரம்பித்தோம்.

தொழில்முறை ஆட்டக்காரர்கள் பந்துக்குப் பின்னால் வாயை மறைத்துப் பேசுவதும் இதே ஒப்பந்தம்தான், ஒவ்வொரு பாயின்டுக்கும் புதிதாக எழுதப்படுவது. சர்வை எங்கே போடப் போகிறேன், நடுக்கோட்டருகிலா, வாங்குபவன் உடம்புக்கா, வெளியேயா. வலையருகே நிற்கிறவன் தன் இடத்தில் நிற்கப் போகிறானா, குறுக்கே பாயப் போகிறானா. அவன் பாய்ந்தால் காலியாகும் பக்கத்தை சர்வ் போட்டவன் ஓடி மூட வேண்டும். எதிராளி உதட்டைப் படித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் பந்து மறைப்பு. பேசாமல், வலையருகே நிற்கிறவன் முதுகுக்குப் பின்னால் கையால் சைகை காட்டுவதும் உண்டு. முஷ்டி மூடியிருந்தால் நிற்கிறேன், விரல் விரித்தால் பாய்கிறேன் என்பது பரவலான வழக்கம். ஒவ்வொரு ஜோடிக்கும் சொந்த பாஷை இருக்கும். சிலர் வலையருகே நடுக்கோட்டில் கிட்டத்தட்ட மண்டியிட்டு உட்கார்ந்துகொள்வார்கள். சர்வ் தலைக்கு மேலே போகும், போன கணம் இடமோ வலமோ எழும்பிப் பாய்வார்கள். எந்தப் பக்கம் என்று ரிட்டர்ன் அடிக்கிறவனுக்குத் தெரியாது. அவன் பந்தைப் பார்ப்பானா, உட்கார்ந்திருப்பவனைப் பார்ப்பானா?

அடுத்த முறை பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள். பந்தைப் பின்தொடராதீர்கள். வலையருகே இருப்பவனையே நாலு கேம் பாருங்கள். ரிட்டர்ன் அடிக்கும் கணத்தில் அவன் அரையடி அசைந்து திரும்ப நின்றுகொள்வான். பந்தைத் தொடவே மாட்டான், ஆனால் அந்த அசைவால் எதிராளி பந்தை ஓரமாக இழுத்து வெளியே அடித்திருப்பான். கணக்குத் தாளில் அது எதிராளியின் தவறு என்று பதிவாகும். சர்வ் போடுகிறவனும் முழு வேகத்தில் அடிக்க மாட்டான், முக்கால் வேகம்தான். முதல் சர்வ் உள்ளே விழுந்தால்தான் கூட்டாளி தைரியமாகப் பாய முடியும். நடுக்கோட்டருகே விழும் சர்வை அகலமான கோணத்தில் திருப்புவது கடினம், பாய்கிறவனுக்கு அது கையில் வைத்துக் கொடுத்த மாதிரி.

இடக்கையர் ஒருவர் வலக்கையர் ஒருவர் என்று சேர்வது ஏன் பிரியம் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். பிரையன் சகோதரர்களில் பாப் இடக்கை, மைக் வலக்கை, இரட்டைப் பிறவிகள். 16 கிராண்ட்ஸ்லாம் பட்டம் சேர்ந்து எடுத்தவர்கள். சர்வ் வாங்கும்போது மைக் வலப்பக்கம், பாப் இடப்பக்கம். அப்படி நின்றால் இருவர் ஃபோர்ஹேண்டும் வெளிப்பக்கம் இருக்கும், பேக்ஹேண்ட்கள் நடுவில். என் ஒப்பந்தப்படி பார்த்தால் தலைகீழ். ஆனால் ஒரே கருப்பையில் இருந்தவர்களுக்கு நடுப்பந்து யாருடையது என்று பேச வேண்டியதில்லை போலும்.

சர்வ் வரிசையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, பல வருடம் ஆடுகிறவர்களே கவனித்திருக்க மாட்டார்கள். நால்வரும் முறை வைத்து சர்வ் போடுவார்கள், ஒற்றைப்படைக் கேம்களுக்குப் பிறகு பக்கம் மாறுவார்கள். தாளில் எழுதிப் பாருங்கள். முதல் கேமில் வடக்கே நின்று சர்வ் போட்டவன் ஐந்தாவது கேமிலும் ஒன்பதாவதிலும் அதே வடக்கில்தான் நிற்பான். மூன்றாவது கேமில் போடும் அவன் கூட்டாளி ஏழாவதிலும் தெற்கில்தான். டை-பிரேக்கைத் தவிர ஒரு செட் முழுக்க ஒருவனுக்கு ஒரே பக்கம். அதனால் செட் ஆரம்பத்திலேயே யார் முதலில் என்று முடிவு செய்தால் வெயிலும் காற்றும் கணக்கில் வந்துவிடும். எங்கள் கோர்ட் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது, அப்படிக் கட்டியவர்கள் வாழ்க. பட்டறைக்காரருக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆனதிலிருந்து சூரியனைப் பார்த்த சர்வ் எப்போதும் எனக்கு.

இந்த வரிசையால் நான் ஒரு கோப்பையே இழந்திருக்கிறேன். பக்கத்து ஊரில் மூத்தோர் போட்டி, ஃபைனல், இரண்டாவது செட் 3-3. தண்ணீர் குடித்துவிட்டு வந்த மயக்கத்தில் ஜோடி போட வேண்டிய சர்வை நான் போட்டுவிட்டேன். 40-15 என்று முன்னால் இருந்தபோது எதிராளி கையைத் தூக்கினார். நடுவர் கேமை முதலிலிருந்து ஆடச் சொல்லிவிட்டார். விதி அப்படி இல்லை. தவறு தெரிந்த கணத்தில் சரியான ஆள் சர்வை எடுத்துக்கொள்ள வேண்டும், ஆடிய பாயின்டுகள் அப்படியே நிற்கும். கேமே முடிந்த பிறகு தெரிந்தால் மாறிய வரிசையோடு செட்டைத் தொடர வேண்டும். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. 0-0 என்று ஆரம்பித்தோம், கேம் போயிற்று, செட் போயிற்று, மேட்ச் போயிற்று. வீட்டுக்கு வந்து விதியைப் படித்தேன். உங்கள் மகனுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

ஏற்காட்டையும் விட்டுவிடக் கூடாது. வருடத்தில் ஒரு நாள், காப்பிப் பூ பூக்கும் சமயத்தில், மேலே ஒரு எஸ்டேட் கோர்ட்டில் எங்களுக்கு ஆட்டம். முதல் வருடம் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, சில்வர் ஓக் நிழலில் இறங்கி, கை கால் உதறிவிட்டு ஆட ஆரம்பித்தால், நான் அடித்த லாப் எல்லாம் பின்கோட்டுக்கு வெளியே. கீழே சேலத்தில் எதிராளி தலைக்கு மேல் போய்க் கோட்டுக்கு உள்ளே இறங்கும் அதே அடி, மேலே மிளகுக் கொடிக்குள் போய் விழுந்தது. பட்டறைக்காரர், "என்னங்க, பந்துக்கு ரெக்கை முளைச்சிருச்சுங்களா" என்றார். விஷயம் சாதாரணம். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. பந்தைத் தடுத்து நிறுத்தக் காற்று போதவில்லை. வெளியே காற்றழுத்தம் குறைவதால் பந்தின் துள்ளலும் கூடுகிறது. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதியில் 1,219 மீட்டருக்கு மேலே உள்ள ஊர்களுக்கென்றே பந்து வகை இருக்கிறது. ஒன்று, சற்றுப் பெரிய பந்து. இன்னொன்று, உள்ளழுத்தம் வெளிக்காற்றுக்கு ஏறக்குறையச் சமமாக உள்ள பந்து, அதை அந்த ஊர் உயரத்திலேயே அறுபது நாள் வைத்திருந்து பழக்க வேண்டும். நாங்கள் டப்பா உடைத்த கையோடு கொண்டு போயிருந்தோம். மாட்ரிட் வெறும் 650 மீட்டர்தான், அங்கேயே பெரிய ஆட்டக்காரர்கள் பந்து பறக்கிறது என்று முனகுவார்கள். இரட்டையரில் இதன் பலன் என்னவென்றால், மேட்டில் சர்வும், பந்து தரையில் விழுமுன் அடிக்கும் வாலியும் பலம், லாப் ஆபத்து. இப்போதெல்லாம் மேலே போனால் ராக்கெட் நரம்பை இரண்டு பவுண்டு இறுக்கிக்கொண்டு போகிறேன்.

இனி உங்கள் மகன் கேள்வி.

போட்டிக்குள் நுழைவது எப்படி என்று பார்த்தாலே பாதி விடை வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இரட்டையர் தரவரிசை உண்டு, ஜோடிக்கு இல்லை. இருவர் எண்ணையும் கூட்டி, கூட்டுத்தொகை குறைந்த ஜோடிகள் உள்ளே. ஒருவர் தன் ஒற்றையர் எண் நன்றாக இருந்தால் அதையே காட்டவும் செய்யலாம். ஏடிபி 250 என்கிற சின்னப் போட்டியில் பொதுவாக 16 ஜோடி, நாலு ஆட்டம் ஜெயித்தால் பட்டம். கிராண்ட்ஸ்லாமில் 64 ஜோடி, ஆறு ஆட்டம். அழைப்பின் பேரில் சில வைல்டு கார்டு ஜோடிகளும் வரும். ஆக ஒரே ஆட்டப் பட்டியலில் மூன்று வகை ஆட்கள் இருப்பார்கள்: இரட்டையரே தொழிலாக உள்ளவர்கள், கை சூடு பிடிக்க இறங்கும் ஒற்றையர் நட்சத்திரங்கள், உள்ளூர்ப் பையன்கள்.

முதல் வகையில் பலர் ஒற்றையரில் ஒரு உயரத்துக்கு மேல் ஏற முடியாமல் இந்தப் பக்கம் வந்தவர்கள்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. பணமும் அப்படித்தான் பேசுகிறது. 2024 விம்பிள்டனில் ஒற்றையர் சாம்பியனுக்கு 27 லட்சம் பவுண்டு, இரட்டையர் ஜோடிக்கு 6.5 லட்சம், அதையும் இருவர் பங்கிட வேண்டும். ஒற்றையர் நட்சத்திரங்கள் மனசு வைத்தால் இவர்களைத் தோற்கடிப்பதும் நடக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஃபெடரரும் வாவ்ரிங்காவும் அரையிறுதியில் பிரையன் சகோதரர்களையே வீழ்த்தித் தங்கம் எடுத்தார்கள். 2022 ஆஸ்திரேலிய ஓபனில் கிர்கியோஸும் கொக்கினாகிஸும் வைல்டு கார்டில் வந்து பட்டம் அள்ளினார்கள். பையன் சொன்னது சரியாக இருக்கும் பாதி இதுதான்.

மற்றப் பாதிக்கு நம் ஆட்களைப் பாருங்கள். 1966, நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையின் இறுதிப் போட்டி, மெல்போர்ன். ஆஸ்திரேலியாவிடம் இந்தியா 4-1 என்று தோற்றது. அந்த ஒன்று இரட்டையரில் வந்தது. ராமநாதன் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் நியூகோம்ப், ரோச் ஜோடியைத் தோற்கடித்தார்கள். முந்தின வருடம்தான் விம்பிள்டன் இரட்டையர் ஜெயித்திருந்த ஜோடி அது. 1976-இல் ஆனந்த், விஜய் அமிர்தராஜ் அண்ணன் தம்பி விம்பிள்டன் இரட்டையர் அரையிறுதி வரை போனார்கள். 1999-இல் லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் நாலு கிராண்ட்ஸ்லாம் இறுதிக்கும் வந்து பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன் இரண்டையும் எடுத்தார்கள். சென்னை ஓபனை மட்டும் அந்த இருவர் ஐந்து தடவை வென்றிருக்கிறார்கள்: 1997, 1998, 1999, 2002, 2011. ஐந்தாவது தடவை நான் கேலரியில் இருந்தேன். இருவரும் பேசிக்கொள்ளாமல் பிரிந்து கிடந்து மறுபடி சேர்ந்திருந்த சமயம். 6-2, 6-7, அப்புறம் டை-பிரேக்கில் 10-7. எதிரே ராபின் ஹாஸேயும் டேவிட் மார்ட்டினும். பாயின்டுக்குப் பாயின்ட் இருவரும் நெற்றி முட்டுகிற மாதிரி நின்று பேசினார்கள். வெளியில் என்ன மனஸ்தாபமோ, நடுவில் வந்த பந்துக்கு மட்டும் அன்றைக்குத் தகராறே வரவில்லை.

2017 சென்னை ஓபன் இறுதியில் நான்கு பேரும் இந்தியர்கள். ரோஹன் போபண்ணாவும் சென்னைப் பையன் ஜீவன் நெடுஞ்செழியனும் பூரவ் ராஜா, திவிஜ் ஷரண் ஜோடியை 6-3, 6-4 என்று ஜெயித்தார்கள். ஜீவனுக்கு அது முதல் ஏடிபி பட்டம். 2024-இல் அதே ஜீவன் இன்னொரு சென்னைக்காரரான விஜய் சுந்தர் பிரசாந்தோடு சேர்ந்து சீனாவில் ஹாங்சோவ் ஓபனை எடுத்தார். கோயம்புத்தூர் ஸ்ரீராம் பாலாஜி அதே வருடம் பாரிஸ் ஒலிம்பிக்கில் போபண்ணாவுக்கு ஜோடியாக ஆடினார், முதல் சுற்றோடு சரி. இவர்கள் யாரும் ஒற்றையரில் உலகத்தின் முதல் ஐம்பதுக்குள் இருந்தவர்கள் இல்லை. இரட்டையர் இல்லாவிட்டால் இந்தப் பெயர்களை நீங்கள் கேள்விப்பட்டிருக்கவே மாட்டீர்கள்.

போபண்ணாவைப் பற்றி ஏற்காட்டுக்காரர்களிடம் சொன்னால் அவர்களுக்கு ஒரு தனி சந்தோஷம், குடகில் காப்பித் தோட்டக் குடும்பம் அவருடையது. ஒற்றையர் ஆசையோடு வந்தவர்தான், தோள்பட்டையும் முழங்காலும் விடவில்லை. குருத்தெலும்பு தேய்ந்த முழங்காலை ஐயங்கார் யோகாவால் ஓட்டிக்கொண்டு, 2024 ஜனவரியில், 43 வயதில், மாத்யூ எப்டனோடு ஆஸ்திரேலிய ஓபன் ஆண்கள் இரட்டையர் பட்டம் வென்றார். அந்த வயதில் முதல் தடவையாக உலகத்தின் முதல் இடத்துக்கும் வந்தார். இறுதியில் 7-6, 7-5. முதல் செட் டை-பிரேக்கில் எதிராளிக்கு ஒரு பாயின்ட்கூடக் கொடுக்கவில்லை. அவர் சர்வ் போட்டுவிட்டு அனேகமாக ஓடி வந்ததில்லை, முழங்கால் விடவில்லை. எப்டன் வலையருகே ஓடினார், இவர் பின்னாலிருந்து இடித்தார். ஒருவனிடம் இல்லாததை மற்றவன் வைத்திருந்தான், அவ்வளவுதான் அந்த ஜோடி.

ஆக, கோச் சொன்னதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று பையனிடம் சொல்லுங்கள். பதினாறு வயதில் ஒற்றையரை விடவும் வேண்டாம், இரண்டையும் ஆடட்டும். இரட்டையரில் வரும் வாலி, தாழ்வான ரிட்டர்ன், இரண்டாவது சர்வில் நம்பிக்கை மூன்றும் ஒற்றையரிலும் உதவும். ஒற்றையரில் வரும் பின்கோட்டு அடி மட்டும் இங்கே பாதிதான் செல்லும். முதல் மாதம் ரிட்டர்னைக் குறுக்கே, வலையை ஒட்டித் தாழ்வாக, சர்வ் போட்டு ஓடி வருபவன் காலடியில் விழ வைக்கப் பழகினால் போதும். கேமுக்கு ஒரு தடவையாவது நேராக ஓரத்தில் அடிக்க வேண்டும், வலையில் நிற்பவன் இஷ்டத்துக்குப் பாயாமல் இருக்க. ஜோடி யார் என்பதில் அவசரப்பட வேண்டாம். பாயின்ட் போனதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாத பையனாக இருந்தால் சரி.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குள் அவனை எங்கள் கோர்ட்டுக்குக் கூட்டி வாருங்கள். ஐந்தரைக்கே மார்க்கர் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டி வைத்திருப்பார். நான் சர்வ் போடுகிறேன், பட்டறைக்காரர் வலையில் நிற்பார். பையன் ரிட்டர்னில் இரண்டையாவது எங்கள் நடுவில் அடிக்கட்டும்.